குழந்தையை யாரிடம் விடுவது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது: பெற்றோர் முன் உள்ள வழிகள்

ஒரே வயதுக் குழந்தை இருக்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் வைக்கிறார்கள். மற்றவர்கள் காலையில் காப்பகத்தில் விட்டுவிட்டு மாலையில் அழைத்து வருகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் வீட்டுக் குழந்தை மூன்று வயது நிறையும் முன்பே மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்குகிறது; இரண்டாம் வீட்டுப் பெற்றோரோ ஆறு வயதுக்கு முன் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் சேர்ப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறார்கள். இரு வீட்டாரும் விசாரித்து, யோசித்து, தமக்குள் பலமுறை பேசித்தான் இந்த முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் தேர்வைக் கேட்கும்போது மற்றவருக்கு, தாம் எதையோ தவறவிட்டுவிட்டோமோ என்ற கலக்கம் எழுகிறது. அந்தக் கலக்கம் பெரும்பாலும் தேவையற்றது என்பதையும், அது தேவையாகும் இடங்கள் எவை என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆள் வைப்பதா, காப்பகமா, எந்த முறைப் பள்ளி என்று ஏற்பாட்டின் பெயரை வைத்து ஒப்பிடுவதால் அதிகம் தெளிவு கிடைப்பதில்லை. குழந்தையோடு நாள் முழுவதும் இருக்கப்போகிறவர் யார், அவர் எத்தனை காலம் நிலைத்திருப்பார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குழந்தை அங்கே இருக்கும் என்ற மூன்றையும் வைத்து ஒப்பிட்டால், எதிரெதிராகத் தோன்றும் தேர்வுகள் பலவும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை என்பது தெரியும்.

வீட்டிலேயே ஆள் வைப்பதன் பலன் முதல் பதினெட்டு மாதங்களில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. குழந்தை தூங்கும் நேரத்தில் தூங்கலாம், பசிக்கும் நேரத்தில் உண்ணலாம். உடம்பு சரியில்லாத நாளிலும் தன் படுக்கையிலேயே இருக்கலாம். பெற்றோரின் வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறினாலும், இரவுப் பணி இருந்தாலும், வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தாலும் இந்த ஏற்பாடு வளைந்துகொடுக்கும். ஆனால் இதன் முழுப் பாரமும் ஒரே ஒருவர் மேல் நிற்கிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய நாள் முழுவதும் குலைகிறது. அவர் குழந்தையை எப்படி நடத்துகிறார் என்பதை அருகிலிருந்து பார்க்கச் சக பணியாளர் எவரும் இல்லை. பேசத் தெரியாத குழந்தை வந்து சொல்லவும் முடியாது. ஆகவே வீட்டில் ஆள் வைக்கிறவர்கள் முன்பு வேலை செய்த குடும்பங்களிடம் நேரில் பேசுவதும், முதல் இரண்டு மூன்று வாரங்கள் தாமும் உடனிருப்பதும், பிறகு எப்போதாவது சொல்லாமல் முன்கூட்டியே வீடு திரும்புவதும் அவநம்பிக்கையின் அடையாளம் ஆகாது. அதை வேலைக்கு வருபவரிடம் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது இருவருக்கும் மரியாதை.

இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் தாய்மார் பலரை உள்ளூர வாட்டும் அச்சம் ஒன்று உண்டு. குழந்தை தன்னைவிட அந்தப் பெண்ணிடம் அதிகம் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்பதே அது. குழந்தை ஒருவரோடு கொள்ளும் பிணைப்பைப் பற்றி இன்று நாம் பேசும் முறைக்கு அடித்தளமிட்ட ஜான் பௌல்பி, 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில், தாயின் அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரின் இடையறாத அன்பு குழந்தைக்குத் தேவை என்று வலியுறுத்தினார். அதைத் தாய் ஒரு நாளும் பிரியக் கூடாது என்று பலர் வாசித்துக்கொண்டார்கள். ஆனால் பௌல்பியின் சொந்தக் குழந்தைப் பருவமே வேறொன்றைச் சொல்கிறது. அவரை அன்போடு வளர்த்தவர் வீட்டில் அமர்த்தப்பட்டிருந்த செவிலிப் பெண். அவருக்கு ஏறக்குறைய நான்கு வயதானபோது அந்தப் பெண் வேலையை விட்டுப் போனார். அந்த இழப்பு கிட்டத்தட்டத் தாயை இழந்ததற்கு ஒப்பாக இருந்ததைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். தாய் இருக்கும்போதே குழந்தை மற்றொருவரோடும் ஆழமான பிணைப்புக் கொள்ளும் என்பதற்கும், அந்தப் பிணைப்பு கவனமில்லாமல் அறுக்கப்பட்டால் நெடுநாள் வலிக்கும் என்பதற்கும் இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை.

அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வர்த் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுகளிலேயே போய்ப் பல மாதங்கள் கவனித்தார். குழந்தை காட்டும் குறிப்புகளைக் கவனித்து, பொருளறிந்து, காலம் தாழ்த்தாமல் ஈடுகொடுப்பவரிடமே அது பாதுகாப்பாக உணர்கிறது என்பது அவருடைய ஆய்விலிருந்து நமக்குக் கிடைத்த பாடம். அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி, பத்து இடங்களில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பதினைந்து வயது வரை பின்தொடர்ந்த பெரிய ஆய்வும் இதையே வேறு வகையில் உறுதிசெய்தது. பிறரிடம் வளர்வது மட்டுமே தாயோடான பிணைப்பைக் கெடுப்பதில்லை. தாயின் கவனமும் குறைந்து, பராமரிப்பும் தரமற்றதாகவோ நிலையற்றதாகவோ நீண்ட நேரமாகவோ இருக்கும்போதுதான் இடர் கூடுகிறது என்று அது கண்டது. பராமரிப்பு ஏற்பாட்டைவிடக் குடும்பமே குழந்தையின் வளர்ச்சியோடு வலுவாகத் தொடர்புடையது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே மாலையில் வேலைக்கு வந்தவர் கிளம்பும்போது குழந்தை அழுதால் பெற்றோர் மனம் நோகத் தேவையில்லை. பகல் நன்றாகக் கழிந்திருக்கிறது என்றே அதற்குப் பெரும்பாலும் பொருள். யார் கிளம்பினாலும் அழாத, எவர் வந்தாலும் முகம் திருப்பாத குழந்தையைப் பற்றித்தான் நான் கூடுதலாக யோசிப்பேன்.

நிலைத்திருப்பது இவ்வளவு முக்கியம் என்றால், ஒருவர் வேலையில் நிலைத்திருக்க என்ன வேண்டும் என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. பெற்றோருக்காக எழுதப்படும் ஒப்பீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுதான். எனக்கோ இதுவே நடுநாயகமான பகுதி. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-வது உடன்படிக்கை 2011-ல் ஏற்கப்பட்டது. வேலையின் தன்மை, ஊதியம், நேரம் ஆகியவை புரியும்படி, இயன்றால் எழுத்து வடிவில், தெரிவிக்கப்பட வேண்டும் என்றும், வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொல்கிறது. தத்தம் நாட்டில் இது சட்டமாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு இது அறத்தோடு நின்றுவிடும் செய்தி அல்ல. ஓய்வில்லாமல் உழைப்பவர் மூன்றாம் மாதத்தில் பொறுமை இழக்கிறார், ஆறாம் மாதத்தில் வேறு வேலை தேடிக்கொள்கிறார். விலை கொடுப்பது குழந்தை.

குழந்தை பார்க்கும் வேலையோடு சமையலையும் துணி துவைப்பதையும் வீடு கூட்டுவதையும் சேர்த்து ஒருவரிடமே ஒப்படைப்பதும் இதே கணக்கில் வரும். செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் எட்டு மணி நேரத்தில் குழந்தைக்கென்று உண்மையில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்த்தால், காப்பகத்தில் மூன்று குழந்தைகளில் ஒன்றாக இருப்பதைவிடக் குறைந்த கவனமே கிடைப்பதும் உண்டு. குழந்தை தூங்கும்போது குழந்தையின் துணிகளை மடிப்பது, அது உண்ட பாத்திரங்களைக் கழுவுவது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மீதி வீட்டு வேலைக்கு வேறு வழி பார்ப்பதே நல்லது. தன் பிள்ளையை வேறொருவரிடம் விட்டுவிட்டு நம் பிள்ளையைப் பார்க்க வருபவர்களும் இருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்தால், அவர் கேட்கும் விடுப்பின் அவசரம் நமக்கு எளிதில் புரியும்.

காப்பகத்தின் வலிமை இதற்கு நேர் எதிரானது. ஒருவர் வராவிட்டாலும் கதவு திறக்கும். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கிறார். உரிமம், ஆய்வு, தீப்பாதுகாப்பு என்று வெளியிலிருந்து கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குச் சமவயதினரின் துணை உண்மையான மகிழ்ச்சி. எனினும் ஒருவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் என்ற எண் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. இரண்டு வயதினருக்கு நால்வருக்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில் ஐவருக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். அந்தத் தளர்வைப் பெற்றோரும் பணியாளர்களும் எதிர்த்ததற்குக் காரணம் எளிது: நான்கு குழந்தைகள் ஒரே நேரத்தில் அழும்போது இரண்டு கைகள் போதாமல் இருந்தவருக்கு ஐந்தாவது குழந்தையையும் கொடுப்பது எவ்வகையிலும் சிறிய மாற்றம் அல்ல.

குழுவாக வளரும் குழந்தைக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். பின்னாளில் பள்ளிக்குப் போகும்போது அவை குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த முதல் ஆண்டில் பெற்றோரில் யார் விடுப்பெடுப்பது என்பதை முன்பே பேசி வைக்காத வீடுகளில், ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு சண்டையாக முடிகிறது. காய்ச்சலை விடவும் நேரத்தின் நீளமே பெரிய கேள்வி. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், தரமான பராமரிப்பு மொழித்திறனோடும் அறிவு வளர்ச்சியோடும் சிறிதளவு நற்தொடர்பு காட்டியது. காப்பகத்தில் கழித்த நேரம் கூடக்கூட நடத்தைச் சிக்கல்கள் சற்றே கூடின. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் எல்லோருக்கும் காப்பகத் திட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குப் போகும் தாய்மார் எண்ணிக்கை கூடியது. கூடவே, குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதைப் பொருளாதார ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இடங்கள் வேகமாகப் பெருகியபோது தரம் அதே வேகத்தில் பெருகவில்லை என்பது பலர் தரும் விளக்கம். காப்பகமே கூடாது என்று இதை வைத்து வாதிடுபவர்கள் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கிடைத்த இடத்தை அவசரமாகப் பிடித்துக்கொள்ளாமல், இயன்றால் நாளில் ஒரு மணி நேரத்தையாவது குறைக்க வழி தேடுவதே அதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது.

காப்பகத்தைப் பார்க்கப் போகும்போது காலை நேரத்தைவிட மாலை கடைசி ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பணியாளரும் களைத்து, குழந்தைகளும் களைத்திருக்கும் அந்த வேளையில் அழும் குழந்தையை யார் தூக்குகிறார், பெயர் சொல்லி அழைக்கிறாரா, அதன் உயரத்துக்குக் குனிகிறாரா என்பதைப் பார்த்தால் போதும். இங்கே வேலை செய்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால், சுவரிலுள்ள வண்ணப் படங்களும் விளையாட்டுப் பொருள்களும் எதற்கும் ஈடாகா.

தாத்தா பாட்டியிடம் விடுவது பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. உடல்நலமும் விருப்பமும் இருக்கும் இடத்தில் முதல் ஆண்டுக்கு அதைவிட நிலையான ஏற்பாடு அரிது. அவர்களுக்கு உண்மையில் விருப்பம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்காமல், மறுக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில் ஒப்படைப்பது மட்டும் தவறு. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்வதும் கவனிக்கத்தக்க நடுவழி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் செலவு குறையும், பராமரிப்பவருக்கு ஊதியம் உயரும், குழந்தைக்கும் ஒரு துணை கிடைக்கும். நோய், விடுப்பு, கண்டிப்பு ஆகிய மூன்றிலும் இரு குடும்பங்களுக்கும் ஒரே எண்ணம் இருந்தால்தான் இது நிலைக்கும்.

இனிப் பள்ளி. சீக்கிரம் சேர்த்தால் முந்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக எப்போதும் இரண்டு அமெரிக்க ஆய்வுகளைச் சொல்வார்கள். மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெரி முன்பள்ளித் திட்டத்தில் 123 குழந்தைகள் இருந்தார்கள்; அவர்களில் 58 பேருக்கு முன்பள்ளிக் கல்வி கிடைத்தது; அவர்கள் நாற்பது வயதிலும் வருமானம், சட்டத்துக்கு உட்பட்ட வாழ்க்கை ஆகியவற்றில் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். வட கரோலினாவில் 1972-ல் தொடங்கிய அபசிடேரியன் திட்டம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து ஐந்து வயது வரை முழுநாள் பராமரிப்பைக் கொடுத்து, நெடுநாள் நீடித்த பலனைக் கண்டது. இரண்டிலும் இருந்தவர்கள் கடும் வறுமையில் இருந்த குடும்பங்களின் குழந்தைகள். ஆசிரியர்கள் பயிற்சி பெற்றவர்கள். பெரி திட்டத்தில் ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்கும் வந்தார். இதற்கு மாறாக, டென்னசி மாநிலத்தின் முன்பள்ளித் திட்டத்தை ஏறக்குறைய 3,000 குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2022-ல் வெளியான முடிவில், குலுக்கலில் இடம் கிடைத்துச் சேர்ந்தவர்கள் ஆறாம் வகுப்பில் தேர்வு மதிப்பெண்ணிலும் ஒழுங்கிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். முன்பள்ளி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. முன்பள்ளிக்குப் போகாவிட்டால் அந்தக் குழந்தைக்கு வேறு என்ன கிடைத்திருக்கும் என்பதையும், அந்த வகுப்பறையில் உண்மையில் என்ன நடந்தது என்பதையும் பொறுத்தே விடை மாறுகிறது. பேச்சும் கதையும் விளையாட்டும் நிறைந்த வீட்டில், அன்பான ஒருவரோடு இருக்கும் மூன்று வயதுக் குழந்தையை, நாற்பது குழந்தைகள் வரிசையில் அமர்ந்து எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் அறைக்கு அனுப்புவதால் எதையும் முந்த முடியாது.

பின்லாந்தில் கட்டாயப் பள்ளிக் கல்வி ஏழு வயதில் தொடங்குகிறது; அதற்கு முந்தைய ஓராண்டு முன்தொடக்கக் கல்வி 2015 முதல் கட்டாயம். நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கக் கற்பிக்கப்பட்டவர்களையும், ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது பதினோரு வயதில் வாசிப்புத் திறனில் வேறுபாடு இல்லாமல் போயிருந்தது. வகுப்பிலேயே வயதில் இளையவர்களுக்கு, மூத்தவர்களைவிட அதிகமாகக் கவனக்குறைவுக் கோளாறு என்று முத்திரை குத்தப்படுவது பல நாடுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. குழந்தை பிறந்த மாதம் சேர்க்கைக்கான எல்லை நாளுக்கு அருகில் விழுந்தால், ஓர் ஆண்டு காத்திருப்பதா என்பது இரண்டு சிறந்த பள்ளிகளுக்கிடையே தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய முடிவாகிவிடுகிறது. அங்கே நான் காத்திருக்கச் சொல்வேன், பகலில் குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்.

பள்ளியின் முறையைப் பொறுத்தவரை பெயரை நம்ப முடியாது. குழந்தை தானே தேர்ந்த வேலையின் வழியே கற்கும் முறையை வகுத்த மரியா மொண்டிசோரி 1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பொன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்; கலையையும் கற்பனையையும் முன்னிறுத்தும் ருடால்ஃப் ஸ்டைனரின் முறையில் முதல் வால்டோர்ஃப் பள்ளி 1919-ல் ஸ்டட்கார்ட்டில் ஒரு தொழிற்சாலைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. மொண்டிசோரி என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருக்கிறார்களா, குறுக்கீடில்லாமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் தானே தேர்ந்த வேலையில் ஈடுபட விடுகிறார்களா என்ற இரண்டும் இல்லாத இடத்தில் இருப்பது மொண்டிசோரி முறையின் மரத்தாலான கற்றல் பொருள்கள் மட்டுமே. வீட்டிலேயே கற்பிப்பது இங்கிலாந்தில் சட்டப்படி இயலும், ஜெர்மனியில் ஏறக்குறைய இயலாது. இயலும் இடத்திலும் அதற்கு ஒரு பெற்றோரின் வேலை நாள் முழுவதும் தேவை என்பதால், பராமரிப்புக்கு ஆள் வைப்பதா என்ற கேள்வியே அந்த வீட்டில் வேறு உருவம் கொள்கிறது.

பராமரிப்பும் பள்ளியும் தனித்தனி முடிவுகள் அல்ல என்பதைப் பல குடும்பங்கள் பள்ளி தொடங்கிய மாதத்தில்தான் உணர்கின்றன. பள்ளிநாள் வேலைநாளைவிடக் குறைவு. பள்ளி விடுமுறை அலுவலக விடுப்பைவிட மிக நீளம். பள்ளியில் சேர்த்தாயிற்று என்று, மூன்று ஆண்டுகள் குழந்தையைப் பார்த்துக்கொண்டவரை அதே வாரத்தில் அனுப்பிவிடுகிறார்கள். புதிய கட்டடம், புதிய முகங்கள், புதிய விதிகள் ஆகியவற்றுக்கு நடுவில் குழந்தை நம்பியிருந்த ஒருவரும் இல்லாமல் போகிறார். பிறகு மாலை நேரத்துக்கு முன்பின் தெரியாத ஒருவரைத் தேடுகிறார்கள். அவரையே மாலை நேரத்துக்கு, நியாயமான ஊதியத்தில், ஓர் ஆண்டாவது தொடரச் செய்ய முடிந்தால், பள்ளிக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தேனும் அதைச் செய்யலாம் என்பது என் எண்ணம். கட்டணம் குறைந்த, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியும், தெரிந்த கையால் மாலையில் அழைத்து வரப்படுவதும், நெடுந்தொலைவிலுள்ள புகழ்பெற்ற பள்ளியும் வாகனத்தில் கழியும் இரண்டு மணி நேரமும் ஒரே செலவில் வந்தால், ஏழு எட்டு வயது வரை முதல் வழியே மேல்.

இதில் கணவனும் மனைவியும் வேறுபடும்போது, இருவரும் தத்தம் குழந்தைப் பருவத்தையே முன்வைத்துப் பேசுவதைக் காணலாம். ஆள் வைத்து வளர்க்கப்பட்டு, அவரை இன்றும் நினைக்கும் ஒருவருக்கும், வீட்டில் தனியே அஞ்சிக் கிடந்த ஒருவருக்கும் ஒரே ஏற்பாடு ஒன்றாகத் தோன்றாது. வாதத்தைத் தொடங்கும் முன் அந்தக் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவையும் எளிதில் மாற்ற முடியாத முடிவையும் பிரித்துவிட வேண்டும். காப்பகத்தை மூன்று மாதம் பார்த்துவிட்டு மாற்றலாம். வகுப்பில் ஓர் ஆண்டு முன்பாகச் சேர்த்ததைப் பின்னாளில் திருப்புவது கடினம். முதல் வகையில் விட்டுக்கொடுங்கள், இரண்டாவது வகையில் மெதுவாகப் போங்கள். மூன்று மாத முடிவில் பார்க்க வேண்டியவற்றையும் முன்பே எழுதி வையுங்கள்: முதல் சில வாரங்களுக்குப் பிறகும் தூக்கம் கெட்டிருக்கிறதா, உணவில் நாட்டம் குறைந்ததா, காலையில் விடும்போது வரும் அழுகை பிரிந்த சில நிமிடங்களில் அடங்குகிறதா அல்லது அடங்குவதே இல்லையா, வீட்டுக்கு வந்ததும் பேச்சில் அங்குள்ளவர்கள் பெயர் வருகிறதா.

ஏற்பாட்டை மாற்றும் நாள் வரும்போது, இதுவரை பார்த்துக்கொண்டவர் குழந்தை தூங்கும் நேரத்தில் சொல்லாமல் போய்விட வேண்டாம். ஒரு வாரம் முன்பே குழந்தைக்குச் சொல்லுங்கள், கடைசி நாளில் அவரே விடைபெறட்டும், இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள், முதல் மாதத்தில் ஒரு நாளாவது அவரை வீட்டுக்கு அழையுங்கள், அவர் வந்துபோன மாலையில் குழந்தை அழுதாலும்.